இளமையில் உடலும் அழுத்தமும் சிந்தனையும்

மூளை முதிரும் வயது

பதினெட்டு வயதில் வாக்குரிமை கிடைக்கிறது, ஓட்டுநர் உரிமம் கிடைக்கிறது. மூளையின் வளர்ச்சி மட்டும் அந்த வயதோடு நின்றுவிடுவதில்லை. உயரம் நின்றபின்னும் மூளையின் ஒரு பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை தன்னைச் சீரமைத்துக்கொண்டே இருக்கிறது. நெற்றி எலும்புக்குப் பின்னால் உள்ள முன்நெற்றிப் புறணிதான் அந்தப் பகுதி. கணக்கின் முதல் படியை மனத்தில் வைத்துக்கொண்டே இரண்டாம் படியைப் போடுவது, கோபத்தில் வாய்வரை வந்த சொல்லை விழுங்குவது, இன்றைய சுகத்தைத் தள்ளிவைத்து அடுத்த ஆண்டுக்குத் திட்டமிடுவது, ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குக் கவனத்தைத் திருப்புவது எல்லாம் இதன் பொறுப்பு.

இந்த வளர்ச்சி இரண்டு வகையில் நடக்கிறது. முதலாவது, களையெடுப்பு. குழந்தைப் பருவத்தில் அளவுக்கு மேல் உருவான நரம்பிணைப்புகளில் பயன்படாதவை நீங்குகின்றன. அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தில் ஜே கீட் குழுவினர் ஒரே பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்துப் பார்த்தனர். நெற்றி மடலின் சாம்பல்நிறப் பகுதி பருவமடையும் காலம்வரை பெருகி, அதன்பின் குறைவதை 1999இல் அவர்கள் வெளியிட்டனர். இறந்தவர்களின் மூளைத் திசுக்களை ஆராய்ந்த குரோஷிய ஆய்வாளர்கள், இந்தக் களையெடுப்பு பதின்ம வயதைத் தாண்டி இருபதுகளிலும் தொடர்வதை 2011இல் காட்டினர். இரண்டாவது, உறையிடல். மின்கம்பிக்கு ரப்பர் உறை போடுவதுபோல நரம்பிழைகளின்மேல் மயலின் என்னும் கொழுப்புறை படிகிறது. செய்தி விரைவாகவும் சிதறாமலும் செல்ல அது உதவுகிறது.

கல்லூரிப் படிப்பு, அரியர், நுழைவுத் தேர்வு, போட்டித் தேர்வு, முதல் வேலை, வீட்டைப் பிரிந்து ஹாஸ்டலிலோ மேன்ஷனிலோ தனியாக வாழ்வது, கல்விக்கடன், கல்யாணப் பேச்சு ஆகிய அனைத்தும் இதே ஆண்டுகளில்தான் வந்து சேர்கின்றன. வாழ்க்கை முன்நெற்றிப் புறணியை மிகுதியாக வேலை வாங்கும் காலமும், அது இன்னும் முழுமை பெறாத காலமும் ஒன்றாக அமைந்துவிடுகின்றன. இந்த வயதின் வலிமையும் ஆபத்தும் இங்கிருந்தே தொடங்குகின்றன.

அழுத்தம் உடலில் செய்வது

அழுத்தத்தை மனம் சார்ந்த சங்கதியாகவே பலரும் நினைக்கிறார்கள். அறிவியல் அதை முதலில் கண்டது உடலில்தான். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வால்டர் கேனன், பயமும் சினமும் வரும்போது அட்ரினல் சுரப்பி இயங்கி, இதயத் துடிப்பை உயர்த்தி, செரிமானத்தை நிறுத்தி, ரத்தத்தைத் தசைகளுக்குத் திருப்புவதை 1915இல் எழுதிய நூலில் விளக்கினார். எதிர்த்து நிற்கவோ தப்பியோடவோ உடல் செய்யும் ஆயத்தம் அது. மாண்ட்ரியல் நகரில் பணியாற்றிய ஹான்ஸ் செல்யே 1936இல் 'நேச்சர்' இதழில் ஒரு சிறு கடிதம் வெளியிட்டார். குளிர், காயம், அளவுமீறிய உழைப்பு, நச்சுப்பொருள் என எதற்கு ஆட்படுத்தினாலும் எலிகளின் உடலில் ஒரே வகை மாற்றங்கள் தோன்றுகின்றன என்பது அதன் சாரம். அட்ரினல் சுரப்பி பெருத்தது, நோயெதிர்ப்புக்கு வேண்டிய தைமஸ் சுருங்கியது, இரைப்பையில் புண் வந்தது.

இன்று இதன் வழித்தடம் தெளிவாகத் தெரியும். ஆபத்து என்று மூளை கணித்த சில நொடிகளில் அட்ரினலின் பாய்கிறது. கை வியர்க்கிறது, நெஞ்சு படபடக்கிறது. இதோடு மெதுவான இன்னொரு தொடரும் தொடங்குகிறது. மூளையின் அடியிலுள்ள ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரியைத் தூண்ட, பிட்யூட்டரி அட்ரினல் சுரப்பியைத் தூண்ட, அது கார்டிசால் என்னும் ஹார்மோனை ரத்தத்தில் விடுகிறது. ஏறத்தாழ இருபது முப்பது நிமிடங்களில் கார்டிசால் உச்சத்தை எட்டி, ரத்தத்தில் சர்க்கரையைக் கூட்டி, நீண்ட உழைப்புக்கு உடலைத் தயார் செய்கிறது. அளவு போதும் என்ற செய்தி மூளைக்குத் திரும்பிச் சென்றதும் சுரப்பு அடங்குகிறது. ஏறுவது எவ்வளவு அவசியமோ, இறங்குவதும் அவ்வளவு அவசியம். ஏறிய கார்டிசால் உரிய நேரத்தில் இறங்குகிறதா என்பதில்தான் இளமையின் உடல்நலமும் சிந்தனைத் திறனும் பெரிதும் அடங்கியிருக்கின்றன.

எல்லாச் சுமையும் இந்தத் தொடரை ஒரே அளவில் தூண்டுவதில்லை. ஜெர்மனியின் ட்ரியர் நகரில் 1993இல் உருவான ஒரு சோதனை இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாத நடுவர்களின்முன் ஒருவர் எழுந்து நின்று, தனக்கு ஏன் வேலை தரவேண்டும் என்று பேசவேண்டும். பின்பு 1022இலிருந்து 13 13ஆகக் கழித்துக்கொண்டே வரவேண்டும். 1009, 996, 983... தப்பினால் மறுபடி முதலிலிருந்து தொடங்கவேண்டும். பெரும்பாலோருக்கு இதில் கார்டிசால் இரண்டு மடங்குக்கும் மேல் உயர்கிறது. இத்தகைய 208 ஆய்வுகளைத் தொகுத்து 2004இல் வெளியான கட்டுரை, பிறர் தன்னை எடைபோடுகிறார்கள் என்ற உணர்வும், முடிவு தன் கையில் இல்லை என்ற உணர்வும் சேரும்போதுதான் கார்டிசால் மிக அதிகம் உயர்கிறது என்று காட்டியது. நாலு பேர் என்ன சொல்வார்களோ என்ற அச்சம் உடலின் வேதியியலையே மாற்றுகிறது. இன்டர்வியூவும் வைவாவும் ரிசல்ட் வரும் நாளும் உடலை ஏன் இப்படி உலுக்குகின்றன என்பதற்கு இதுவே விளக்கம்.

அழுத்தம் சிந்தனையில் செய்வது

ஓரளவு அழுத்தம் சிந்தனையைக் கூர்மையாக்குகிறது. ராபர்ட் யெர்க்ஸும் ஜான் டாட்சனும் 1908இல் எலிகளிடம் செய்த சோதனையில், கடினமான பாடத்தைக் கற்பதற்கு மிதமான தூண்டலே ஏற்றது என்றும், அது மிஞ்சினால் கற்றல் கெடுகிறது என்றும் கண்டனர். இதன் காரணத்தை யேல் பல்கலைக்கழகத்தின் ஏமி ஆர்ன்ஸ்டன் மூளையின் உள்ளேயே தேடிக் கண்டார். மிதமான அளவில் சுரக்கும் நார்அட்ரினலின் என்னும் வேதிப்பொருள் முன்நெற்றிப் புறணியின் நரம்புத் தொடர்புகளை வலுப்படுத்துகிறது. அளவு கூடினால் அதே பொருள் வேறு வகை ஏற்பிகளில் சென்று ஒட்டி அந்தத் தொடர்புகளைத் துண்டிக்கிறது. அப்போது மூளையின் கட்டுப்பாடு சிந்திக்கும் பகுதியிலிருந்து, பயத்துக்கும் பழக்கத்துக்கும் உரிய பழைய பகுதிகளுக்குப் போய்விடுகிறது. ஆபத்தான நேரத்தில் இது உயிரைக் காக்கும். தேர்வறையில் இதுவே இடையூறாகிறது.

"படிச்சதெல்லாம் மறந்துபோச்சு" என்று தேர்வறையிலிருந்து வரும் மாணவர் சொல்வது சாக்கு இல்லை. சூரிச்சில் நடந்து 2000ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், முன்னரே மனப்பாடம் செய்த சொற்களை நினைவுகூரச் சொல்வதற்குமுன் சிலருக்குக் கார்டிசாலாக மாறும் மாத்திரை தரப்பட்டது. அவர்களால் சொற்களைத் திரும்பச் சொல்வது குறைந்தது. பதிந்தது அழியவில்லை, அதை எடுத்துத் தரும் வழிதான் அந்த நேரத்துக்கு அடைபட்டது. மாலையில் வீட்டுக்கு வந்ததும் விடை தானே நினைவுக்கு வருவது இதனால்தான்.

அழுத்தம் வாரக்கணக்கில் நீளும்போது மூளையின் அமைப்பே மாறத் தொடங்குகிறது. நினைவுக்குரிய ஹிப்போகாம்பஸ் பகுதியில் கார்டிசால் வகை ஹார்மோனுக்கான ஏற்பிகள் இருப்பதை ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தின் புரூஸ் மெக்யூவன் 1968இல் எலிகளில் கண்டறிந்தார். பின்னாளில் நடந்த சோதனைகளில், மூன்று வாரங்கள் தினமும் சில மணி நேரம் அசையவிடாமல் அடைத்து வைத்த எலிகளின் ஹிப்போகாம்பஸ் நரம்புக் கிளைகள் சுருங்கின. அடைத்து வைப்பதை நிறுத்தியதும் அவை மீண்டும் வளர்ந்தன. இங்கே வயது முக்கியமாகிறது. முன்நெற்றிப் புறணியில் இதே மாற்றத்தை ஆராய்ந்த 2010ஆம் ஆண்டு ஆய்வில், இளம் எலிகளின் நரம்புக் கிளைகள் ஓய்வுக்குப்பின் மீண்டன, நடுவயதையும் முதுமையையும் எட்டிய எலிகளின் கிளைகள் மீளவில்லை.

மனிதர்களில் இதற்கு இணையான சான்று நியூயார்க்கின் மருத்துவ மாணவர்களிடமிருந்து கிடைத்தது. கானர் லிஸ்டனும் உடனாய்வாளர்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வு அது. பெரிய தேர்வு ஒன்றுக்கு ஒரு மாதம் இடைவிடாமல் படித்துக் களைத்திருந்தவர்களை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, நகரும் வண்ண வட்டங்களைக் காட்டினர். சில முறை நிறத்தைக் கவனிக்கவேண்டும், சில முறை நகரும் திசையைக் கவனிக்கவேண்டும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் இடத்தில்தான் அவர்கள் தடுமாறினார்கள். முன்நெற்றிப் புறணிக்கும் பிற பகுதிகளுக்கும் இடையிலான தொடர்பும் தளர்ந்திருந்தது. தேர்வு முடிந்து ஒரு மாதம் ஓய்வாக இருந்தபின் அதே சோதனையைச் செய்தபோது, அழுத்தம் இல்லாத மாணவர்களுக்கும் அவர்களுக்கும் வேறுபாடே தெரியவில்லை. நீண்ட அழுத்தம் இளம் மூளையைத் தளர்த்துகிறது என்பதும், ஓய்வு கிடைத்தால் அது மீள்கிறது என்பதும் ஒரே ஆய்வில் உறுதியாயின. ஒரு தேர்வு முடிவதற்குள் அடுத்தது, அது முடிவதற்குள் இன்னொன்று என்று அந்த ஒரு மாத ஓய்வே கிடைக்காத வாழ்க்கைதான் கவலைக்குரியது.

ஆறாத புண்

அழுத்தம் கண்ணுக்குத் தெரிவதில்லை என்பார்கள். அதை மில்லிமீட்டர் கணக்கில் அளந்து காட்டிய ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்காவின் ஒஹையோவில் பல் மருத்துவம் படித்த 11 மாணவர்கள் தாமே முன்வந்து அதில் பங்கேற்றனர். மேலண்ணத்தில் 3.5 மி.மீ. அகலத்துக்கு ஒரு சிறு புண் இரண்டு முறை ஏற்படுத்தப்பட்டது. முதல்முறை கோடை விடுமுறையில், இரண்டாம் முறை பெரிய தேர்வுக்கு மூன்று நாள் முன்பு. தினமும் படம் எடுத்துப் புண்ணின் அளவு கணக்கிடப்பட்டது. வயது, வாய், புண்ணின் அளவு எல்லாம் ஒன்றே. ஆயினும் தேர்வுக் காலப் புண் ஆறச் சராசரியாக மூன்று நாள் கூடுதலாயிற்று. விடுமுறைக் காலத்தைவிட 40 விழுக்காடு அதிகம் அது. விடுமுறையில் ஆறிய வேகத்தில் ஒருவருக்குக்கூடத் தேர்வுக் காலத்தில் ஆறவில்லை. புண்ணைச் சரிசெய்ய வரும் நோயெதிர்ப்புச் செல்களை அழைக்கும் வேதிப்பொருளை உண்டாக்கும் திறனும் அவர்களின் ரத்தச் செல்களில் குறைந்திருந்தது. செமஸ்டர் முடிந்ததும் காய்ச்சலில் படுப்பதும், தேர்வு வாரத்தில் சளி பிடிப்பதும் வெறும் தற்செயல் என்று இனி தள்ளிவிட முடியாது.

உடலைச் சிந்தனையிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது என்பதை இவை எல்லாம் காட்டுகின்றன. ஆகவே மீட்சிக்கான வழிகளும் பெரும்பாலும் உடல் வழியாகவே அமைகின்றன. தூக்கம், உணவு, உடலுழைப்பு, துணை என்று அவற்றை நான்காக வகுக்கலாம்.

தூக்கம்

பெரியவர்களுக்கு இரவுக்குக் குறைந்தது ஏழு மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது தூக்க மருத்துவத் துறையின் பரிந்துரை. "எனக்கு ஆறு மணி நேரம் போதும்" என்று சொல்லும் இளைஞர்கள் ஏராளம். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் நடந்து 2003இல் வெளியான ஆய்வில் 21 முதல் 38 வயதுள்ள 48 பேர் குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, ஒரு குழுவினர் தூங்காமல் கண்விழிக்க, மற்றவர்கள் இரண்டு வாரங்கள் எட்டு, ஆறு, நான்கு மணி நேரம் எனத் தூங்க வைக்கப்பட்டனர். ஆறு மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ தூங்கியவர்களின் கவனமும் செயல்நினைவும் நாளுக்கு நாள் சரிந்து, ஓரிரு இரவு முழுக்கக் கண்விழித்தவர்களின் நிலைக்கு இறங்கின. ஆனால் தூக்கக் கலக்கம் கூடிக்கொண்டே போவதாக அவர்கள் உணரவில்லை. தூக்கம் குறைந்தவர் தன் தடுமாற்றத்தை அளக்கும் திறனையும் சேர்த்தே இழக்கிறார் என்பதுதான் இதில் அஞ்சத்தக்கது. தூங்காமல் வண்டி ஓட்டுபவருக்கும், விடிய விடியப் படித்துத் தேர்வறைக்குச் செல்பவருக்கும் இது பொருந்தும்.

சிகாகோவில் நடந்து 1999இல் வெளியான மற்றோர் ஆய்வில், ஆரோக்கியமான 11 இளைஞர்கள் ஆறு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டுமே படுக்கவிடப்பட்டனர். அவர்களின் உடல் சர்க்கரையைக் கையாளும் திறன் குறைந்தது. மாலையில் இறங்கவேண்டிய கார்டிசால் உயர்ந்தே நின்றது. அழுத்தத்தை இறக்கிவைக்கும் நேரமே தூக்கம் என்பதால், அதைக் குறைத்துப் படிப்பது அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டு படிப்பதாகவே முடிகிறது. இரவு விழிக்கக் குடிக்கும் காப்பியும் இந்தக் கணக்கில் சேரும். உடலில் சேர்ந்த கஃபீனில் பாதி வெளியேற ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகிறது. படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்பு மிகுதியாகக் கஃபீன் எடுத்தவர்களின் தூக்கம் ஒரு மணி நேரத்துக்கும் மேல் குறைந்ததாக 2013இல் வெளியான ஆய்வு காட்டியது.

உணவு

பசி சிந்தனையை என்ன செய்யும் என்பதற்கு மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944-45இல் நடந்த சோதனை அழியாத சான்று. போரில் ஆயுதம் ஏந்த மறுத்த 36 இளைஞர்கள், போருக்குப்பின் பட்டினியில் வாடுவோருக்கு உணவூட்டும் முறையைக் கண்டறிவதற்காகத் தம் உடலை ஆய்வாளர் ஆன்சல் கீஸிடம் ஒப்படைத்தனர். ஆறு மாத அரைப் பட்டினியில் அவர்களின் எடை நான்கில் ஒரு பங்கு குறைந்தது. எந்நேரமும் உணவைப் பற்றியே நினைத்தார்கள், எரிச்சலும் சோர்வும் கூடின, நண்பர்களிடமிருந்து விலகினார்கள், கவனம் நிற்கவில்லை என்று முறையிட்டார்கள். அறிவுத்திறன் தேர்வுகளில் மட்டும் அவர்களின் மதிப்பெண் குறையவில்லை. அறிவு இருந்தது, அதைச் செலுத்தும் விருப்பமும் மனநிலையும்தான் பசியில் கரைந்தன.

வயிறு நிறைந்தும் மூளை பசித்திருக்கலாம். இரும்புச்சத்துக் குறைவு அத்தகையது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருக்கிறது. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல். மூச்சு வாங்குவது, முகம் வெளிறுவது ஆகியவற்றோடு இதன் பாதிப்பு முடிவதில்லை. அமெரிக்காவில் 18 முதல் 35 வயதுப் பெண்களிடம் நடந்து 2007இல் வெளியான ஆய்வில், இரும்புச்சத்துக் குறைந்தவர்கள் கவனம், நினைவு, கற்றல் ஆகிய தேர்வுகளில் பின்தங்கினர். 16 வாரங்கள் இரும்பு மாத்திரை எடுத்தபின், உடலில் இரும்பின் இருப்பு உயர்ந்தவர்களின் விடைகள் துல்லியமாயின. ஹீமோகுளோபின் உயர்ந்தவர்கள் விரைவாக விடையளித்தனர். படிப்பில் மந்தம் என்று பெயர் வாங்கிய பெண்ணுக்கு முதலில் தேவைப்படுவது ரத்தப் பரிசோதனையாக இருக்கலாம். சாப்பிட்ட கையோடு டீ குடிக்கும் வழக்கம் உணவிலுள்ள இரும்பை உடல் ஏற்பதைக் குறைக்கிறது. கீரையோடும் பருப்போடும் எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா சேர்ந்தால் அது கூடுகிறது. டீயை ஒரு மணி நேரம் தள்ளிப்போடுவதற்குச் செலவு எதுவும் இல்லை.

உடலுழைப்பு

ஸ்வீடனில் 1950 முதல் 1976 வரை பிறந்து, பதினெட்டு வயதில் ராணுவத் தகுதித் தேர்வுக்கு வந்த ஏறத்தாழ 12 லட்சம் ஆண்களின் பதிவுகள் 2009இல் ஆராயப்பட்டன. இதயமும் நுரையீரலும் வலுவாக இருந்தவர்கள் அறிவுத்திறன் தேர்வில் அதிக மதிப்பெண் பெற்றனர். தசை வலுவுக்கு அத்தகைய தொடர்பு இல்லை. 15 வயதிலிருந்து 18 வயதுக்குள் உடல்தகுதியை உயர்த்திக்கொண்டவர்களும் முன்னே நின்றனர். இரட்டையர்களை ஒப்பிட்டபோது, இத்தொடர்பில் பரம்பரையின் பங்கு சிறிது, வாழும் முறையின் பங்கே பெரிது என்று தெரிந்தது. இத்தகைய பதிவாய்வு தொடர்பைத்தான் காட்டும், காரணத்தை நிறுவாது. ஆனால் ஓடும் எலிகளின் ஹிப்போகாம்பஸில் புதிய நரம்புச் செல்கள் கூடுதலாகத் தோன்றுவதைக் கண்ட 1999ஆம் ஆண்டின் சோதனைகள் அதற்கு வலுச் சேர்க்கின்றன.

அமெரிக்காவின் நான்கு நகரங்களில் 18 முதல் 30 வயதுள்ள 5,115 பேரைக் கொண்டு 1985-86இல் தொடங்கிய 'கார்டியா' ஆய்வு இன்னும் நீண்ட கதையைச் சொல்கிறது. இளமையில் டிரெட்மில்லில் அதிக நேரம் தாக்குப்பிடித்தவர்கள், 25 ஆண்டுகளுக்குப்பின் சொற்களை நினைவுகூர்வதிலும் மனவேகத்திலும் மேலே நின்றனர். இளமை முதல் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் கூடுதலாக இருந்தவர்கள் நடுவயதில் சிந்தனைத் தேர்வுகளில் பின்தங்கினர். இருபத்தைந்து வயதில் பலரும் ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்வதில்லை. பார்க்கத் தொடங்கவேண்டிய வயது அதுவே. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வேகநடை போன்ற மிதமான உடலுழைப்பை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. தினமும் அரை மணி நேரம் நடந்தாலே இதில் அடங்கிவிடும்.

துணை

நடுவர்முன் பேசும் சோதனைக்கு முன்னால் நெருங்கிய நண்பர் உடனிருந்தவர்களுக்குக் கார்டிசால் குறைவாகவே உயர்ந்தது என்று சூரிச்சில் நடந்து 2003இல் வெளியான ஆய்வு காட்டியது. நண்பர் அருகில் இருந்து தைரியம் சொன்னதே உடலை ஆற்றியது. தனியறையில் ஃபோனே துணையாக வாழும் இளைஞருக்குக் குறைவுபடுவது இதுதான்.

தூக்கமும் உணவும் நடையும் நட்பும் தீர்க்க முடியாத துயரங்களும் உண்டு. வாழ்நாளில் வரும் மனநோய்களில் நான்கில் மூன்று பங்கு 24 வயதுக்குள் தொடங்கிவிடுகின்றன. இரண்டு வாரத்துக்கு மேல் நீங்காத சோர்வு, எதிலும் நாட்டமின்மை, தூக்கமின்மை, வாழ்வதில் பயனில்லை என்ற எண்ணம் ஆகியவை மருத்துவரிடம் போகவேண்டிய அறிகுறிகள். மத்திய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

நிறுவனங்களின் பொறுப்பு

மீட்சியை இளைஞரின் தனிப்பட்ட ஒழுக்கமாக மட்டும் பார்ப்பது அநீதி. இரவு வேலையும் பகல் வேலையும் வாரத்துக்கு வாரம் மாறும் அலுவலகத்தில் ஏழு மணி நேரத் தூக்கம் கிட்டாது. விளையாட்டு மைதானத்தில் கட்டடம் எழுப்பிய கல்லூரியில் ஓட இடமிருக்காது. ஹாஸ்டல் மெஸ்ஸில் காய்கறியும் கீரையும் குறைந்தால் மாணவியின் ரத்தத்தில் இரும்பும் குறையும். விதிகளை மாற்றினால் அழுத்தத்தின் நீளத்தையே குறைக்கலாம் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே நல்ல முன்னுதாரணம் உண்டு. பொதுத்தேர்வில் தோற்ற பிள்ளைகள் ஓராண்டு வீட்டில் முடங்கிக் கிடந்த நிலையை மாற்றி, சில வாரங்களிலேயே துணைத்தேர்வு எழுதி அதே ஆண்டில் மேற்படிப்பில் சேர வழி செய்யப்பட்டது. தேர்வு எளிதாக்கப்படவில்லை, பாடம் குறைக்கப்படவில்லை. தோல்விக்கும் அடுத்த வாய்ப்புக்கும் இடையே இருந்த காலம் மட்டும் சுருங்கியது. பல்கலைக்கழகங்களும் வேலை தரும் நிறுவனங்களும் போட்டித் தேர்வு நடத்தும் வாரியங்களும் தத்தம் அட்டவணையை இந்தக் கண்ணோடு திருத்தி, தேர்வுக்கும் தேர்வுக்கும் இடையே, ஷிஃப்டுக்கும் ஷிஃப்டுக்கும் இடையே மீள்வதற்கான நாட்களை விதியாகவே எழுதிவைக்கவேண்டும். இளம் உடல் மீளும் திறனோடுதான் இருக்கிறது. அதற்கு வேண்டிய அவகாசத்தைத் தருவது மூத்தவர்களின் கடமை.